எலும்புக்கு அவசரம் இல்லை

கீழ்முதுகில் நாலாவது எலும்பையும் ஐந்தாவதையும் சேர்த்து ஸ்குரூ போட்டுக்கொண்டவர் இப்போதெல்லாம் மறுநாளே வராந்தாவில் நடக்கிறார், எந்த ஊர் என்று நாம் விசாரிப்பதற்குள் அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் வந்துவிடுகிறார். நான் எலும்பு வார்டில் மேற்படிப்பு மாணவனாகத் திரிந்த காலத்திலோ, அதே ஆபரேஷனுக்கு வந்தவர் மாவுக்கட்டுச் சட்டைக்குள் வாரக்கணக்கில் மல்லாந்திருப்பார், அவர் பெண்ணுக்கு வரன் அமைந்ததும் ஊரில் பசு கன்று போட்டதும் பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டாட்டத்தில் மூண்ட பகையும் எங்களுக்கு அத்துப்படி. டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை ஓடும். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரே ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் காலைத் தூக்கச் சொல்வார். உங்களுக்கும் அப்படியொரு சித்தப்பா இருந்திருப்பார். அவர் பின்னல் ஊசியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிவதை, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள்.

என் கர்வமெல்லாம் உளியில் இருந்தது. இடுப்பெலும்பின் விளிம்பைத் திறந்து, தீக்குச்சி கனத்தில் சீவி எடுத்து, முதுகெலும்பின் இருபுறமும் அடுக்குவது இளசுகளுக்கு விடப்பட்ட வேலை. மாமல்லபுரத்துச் சிற்பி என்ற நினைப்பில்தான் தட்டிக்கொண்டிருப்பேன். "முதுகு தேவலை டாக்டர், எலும்பு எடுத்தீங்களே, அந்த இடம்தான் குடையுது" என்று பிறகு வந்து சொல்வார்கள். சிற்பிக்கு அப்போது காது கேட்காது.

எலும்பை ஒட்டவைக்கும் வித்தை என்னவோ பழையதுதான். 1911-இல் நியூயார்க் சர்ஜன்கள் இருவர், ஹிப்ஸ் முள்ளெலும்பின் நீட்சிகளை உடைத்து மடக்கியும், ஆல்பி கணைக்காலிலிருந்து எலும்புத் துண்டெடுத்துச் செருகியும், காசநோய் அரித்த முதுகுகளை ஒட்டவைத்தார்கள். 1940-களில் ஹவாயில் கிளோவார்டு பின்பக்கமாக நுழைந்து, டிஸ்க் இருந்த இடத்திலேயே எலும்பை வைத்தார்; 1960-களில் பிரான்சில் ரோய்-கமீல் முள்ளெலும்பின் காம்பான பெடிக்கிள் வழியே ஸ்குரூ இறக்கினார். இன்று அந்த இடைவெளியில் டைட்டானியத்தில் கேஜ் என்னும் கூண்டு, அல்லது பீக் என்ற பிளாஸ்டிக்கில் கேஜ். முதுகு வழி, விலா ஓரம், வயிற்று வழி என்று எந்த வாசலிலும் நுழைகிறார்கள். விரலளவு கீறல் போதும், சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் ஸ்குரூ போகிற பாதை தெரிகிறது. என் உளிக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கத்தான் செய்யும், ஒட்டவேண்டியது எலும்பு. அதற்கு அன்றும் மாதக்கணக்கு, இன்றும் மாதக்கணக்கு. நோயாளி டிஸ்சார்ஜ் ஆன செய்தி அதற்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. இத்தனை நேர்த்தியாக ஒட்டக் கற்றுக்கொண்ட பிறகு, 2016-இல் சுவீடன்காரர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்: நரம்புப் பாதை குறுகியவர்களுக்கு அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டாலும், கூடவே எலும்பை ஒட்டினாலும், இரண்டு ஆண்டில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். எலும்பு நழுவியவர்களில் ஒட்டியதால் சற்றே கூடுதல் பலன் என்று அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து "ஒட்டிடலாம்" என்று யாராவது சொன்னால், நரம்புக்கு இடம் விட்டால் மட்டும் போதாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.