ஏரி வற்றினால் பயணம்

சித்திரை பிறந்து வெயில் தலைக்கு ஏறியவுடனே, கையில் நாலு காசும் வீட்டில் ஒரு தோல்பெட்டியும் உடைய தமிழர் யாவரும் கொடைக்கானலையோ உதகமண்டலத்தையோ நோக்கிப் புறப்பட்டுவிடுவது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதைப்போல ஒரு நேர்த்திக்கடனாகவே ஆகிவிட்டது. அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் மலைகள் தவிப்பதைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன்பேரில், 2024ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி முதல் இ-பாஸ் வாங்கியவரே அங்கே வண்டியேறிப் போகலாம் என்று ஏற்பாடாயிற்று. சீட்டு வாங்கிக்கொண்டு போய் இயற்கையைத் தரிசிப்பது என் சுபாவத்துக்கு ஒவ்வாது என்று வீட்டில் பிரகடனம் செய்தேன். பணச் செலவு என்ற அற்ப விஷயம் அந்தத் தீர்மானத்துக்குக் காரணமே அல்ல என்பதையும், யாரும் கேளாமலே, கூடவே சொல்லிவைத்தேன்.

ஆகவே, இருக்கிற ஜில்லாவுக்குள்ளேயே மலையும் ஏரியும் தேடிக்கொள்வது என்று முடிவாயிற்று. கோட்டைப்பட்டினத்தை அறிந்தவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். பாக் விரிகுடாவின் கரையிலே கிடக்கும் எங்கள் ஊரில், மலை என்று சொல்லத்தக்கது துறைமுகத்தில் குவித்துப் போட்டிருக்கும் வலைகளைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, பழைய சமஸ்தானத்துச் சீமையோடு தஞ்சை ஜில்லாவின் ஒரு பகுதியையும் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் என்று அமைத்தார்களே, அன்றைக்கே அச்சீமையின் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் அத்தனை குன்றுகளும் எங்களுக்கும் பாத்தியமாகிவிட்டன அல்லவா? அரை நூற்றாண்டாக அனுபவிக்காமல் விட்ட பாத்தியதையை இந்தக் கோடையிலாவது அனுபவித்துத் தீர்ப்பது என்று, காகிதமும் பென்சிலுமாகத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

மலைகளில் முதலிடம் நார்த்தாமலைக்கு. அனுமார் சஞ்சீவி பர்வதத்தைத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகப் போனபோது உதிர்ந்த துண்டுகளே அக்குன்றுகள் என்பது ஐதிகம். மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயில் காய்ந்துகொண்டு நிற்கிறது. அப்பால் கடம்பர்மலை, பொன்மலை, ஆளுருட்டிமலை என்று வரிசை நீள்கிறது. கடைசிப் பெயரை நான் வாசித்ததும், என் மனைவி என் தேகத்தின் சுற்றளவை ஒருமுறை கண்ணாலேயே மதிப்பிட்டுவிட்டு, அதை மட்டும் அடித்துவிடும்படி சாந்தமாகச் சொன்னாள். அனுமார் கையிலிருந்து மூலிகை உதிர்ந்ததோ என்னவோ, நிழல் அவ்வளவாக உதிரவில்லை. சித்திரை மாதத்து உச்சிவேளையில் அந்தப் பாறைமேல் செருப்பில்லாமல் நிற்கிறவனுக்கு வைராக்கியம் வருவதற்கு வேறு உபதேசம் தேவையில்லை. எனவே மலை தரிசனம் கிழக்கு வெளுக்கும் வேளையில் தொடங்கி, இட்லிக்கு முன்பாக முடிந்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

ஏரிதான் சிக்கலாயிற்று. கொடைக்கானல் ஏரி 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் துரை உண்டாக்கியது. எங்கள் சீமைக் கண்மாய்களில் பல, அந்தத் துரையின் பாட்டனாருக்குப் பாட்டனார் பிறப்பதற்கும் வெகுகாலம் முன்னே வெட்டப்பட்டவை. மேலைக் கண்மாயின் கலிங்கு வழிந்தால் அந்நீர் கீழைக் கண்மாய்க்குப் போய்ச் சேரும்படி தொடர்தொடராக அமைந்தவை. நீர் நடுவே இரட்டைக் கல்தூண் நிறுத்திய குமிழித்தூம்புகளில் கட்டிவைத்தவன் பெயரைக் கல்வெட்டாகத் தாங்கிக்கொண்டிருப்பவை. எல்லாப் பெருமையும் உண்டு. சித்திரையில் தண்ணீர் மட்டும் இராது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பிழைக்கும் கண்மாயில் கோடைக்கு ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வருஷம் பூராவும் வற்றாத தாமரைத் தடாகம் ஒன்று நம் ஜில்லாவில் உண்டு. ஆனால் அது சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டிய அந்தப் பொய்கையில் தாமரை பூத்திருக்கிறது, மீன் திரிகிறது, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன, மனிதர்கள் பூப் பறிக்கிறார்கள். கழுத்து நோவைப் பாராட்டாதவர்கள் அண்ணாந்து பார்த்து அனுபவிக்கலாம். படகு சவாரிக்கு வசதி இல்லை.

இந்தக் கட்டத்தில் எதிர்வீட்டு விசைப்படகுக்காரர் திண்ணைக்கு வந்துசேர்ந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகலாகாது என்பது சர்க்கார் தடை. ஆகையால், உத்தரவின்பேரில் வீட்டிலேயே விடுமுறை கொண்டாடுவதில் அவரைவிட அனுபவஸ்தர் யாரும் இல்லை.

“ஏரிதானே தம்பி வேணும்? அந்தா கெடக்குறது என்ன?” என்று கடலைக் காட்டினார் அவர். கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆழமும் இல்லாமல் பெரிய அலையும் இல்லாமல் சேறும் சகதியுமாக விரிந்து கிடக்கிற எங்கள் கடல், ஏரியாவதற்கு வேண்டிய சகல யோக்கியதைகளும் உடையதுதான். ஆனால் தினம் மீன் வாங்கப் போய்வருகிற கரைக்கே சுற்றுலா போவதா என்று உள்ளேயிருந்து எழுந்த ஆட்சேபத்துக்கு இருவரிடமும் பதில் இல்லை.

அப்போதுதான், அன்னவாசல் பக்கத்தில் இருக்கும் என் மைத்துனர் எப்போதோ சொன்ன மீன்பிடித் திருவிழா ஞாபகத்துக்கு வந்தது. கோடையில் கண்மாய் வற்றி, நீர் முழங்காலளவுக்கு இறங்கியதும், ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்ட கிராமத்து ஜனங்கள் எல்லாரும் ஊத்தாவும் கச்சாவும் தூரியுமாக ஒரே பாய்ச்சலாக இறங்கி, விராலையும் கெளுத்தியையும் கெண்டையையும் அள்ளுவார்கள். அகப்பட்டதை விற்பதில்லை, அன்று ஊரெல்லாம் மீன்குழம்பு மணக்கும். கடல்மீனுக்குத் தடை விதித்திருக்கும் மாதங்களில், கடற்கரைக்காரர்களாகிய நாங்கள் மீன் தேடி மேட்டுநிலத்துக்குப் போவது என்ற யோசனை படகுக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எஞ்சின் படகில் இழுவலை போட்டுப் பழகிய அவர், எங்கிருந்தோ ஓர் ஊத்தாக்கூடை சம்பாதித்து வந்து, தம் வீட்டு முற்றத்தில் அதைக் கவிழ்த்துக் கவிழ்த்து அப்பியாசம் செய்யலானார். கோழிகள் அகப்பட்டன.

திட்டம் பூர்த்தியாயிற்று: விடியலில் நார்த்தாமலை, வெயில் ஏறியதும் விதானத்துத் தடாகம், மறுநாள் மெய்யான ஏரி. தேதிதான் பாக்கி. அது எங்கள் கையிலும் இல்லை, பஞ்சாங்கத்திலும் இல்லை. கண்மாய் எப்போது வற்றுமோ அப்போது. அதனால், கோடை வெயிலுக்குப் பயந்து இவ்வளவு ஆலோசனை செய்த நாங்களே, இன்னும் கொஞ்சம் காயக்கூடாதா என்று அந்த வெயிலைத் தினந்தோறும் பிரார்த்திக்கும் நிலைக்கு வந்தோம். அக்னி நட்சத்திரம் தொடங்கியபோது என் மனைவி முகத்தில் நல்ல தெளிவு இருந்தது.

பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்த ஒரு காலையில் மைத்துனரிடமிருந்து போன் வந்தது.

“மாப்பிள்ளை, ராத்திரி கோடை மழை வெளுத்து வாங்கிடுச்சு. கண்மாயில இடுப்பளவு தண்ணி நிக்குது. ஏரி பாக்க இப்ப வந்துடாதீங்க, வத்துனதும் சொல்லி அனுப்புறேன்.”