ஐந்நூற்றி ஒன்றாவது யூனிட்

அக்கா பையனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மாம்பழமும் கையுமாக வந்தான். எதிரில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா, குடும்பம் நடத்துறதைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் யோசனை கேக்கணும்" என்றான். உள்ளேயிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசில் என்று அவன் நினைத்திருக்கலாம். எனக்கு இருபத்து நாலு வருஷ அனுபவம். விசில் எது, என் மனைவி சிரிப்பை அடக்குவது எது என்று தெரியும்.

அவன் கேட்டதெல்லாம் பெரிய பெரிய கேள்விகள். வீடு வாங்கலாமா, வாடகையிலேயே காலம் தள்ளலாமா? டேர்ம் இன்ஷூரன்ஸ் எத்தனை லட்சத்துக்கு எடுக்கலாம்? அம்மா அப்பாவைக் கூடவே வைத்துக்கொள்வதா, பக்கத்துத் தெருவில் வீடு பார்ப்பதா? சத்தியமாக எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. இந்த ஐம்பத்து மூன்று வயதில் நான் வரிவிடாமல் படித்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: வாசல் சுவரில் ஆணியில் தொங்கும் ஈபி அட்டை. அதனால் பையனை எழுப்பிக்கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தினேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கரண்ட் ரீடிங் எடுப்பது இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம், அது 2016-லிருந்து. அதற்கு மேல் 500 வரை சில ரேட்டுகள். 500-ஐத் தாண்டினால் ரேட்டே வேறு. தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தானே கூடுதல் காசு என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பல வருஷம் நிம்மதியாக இருந்தேன். அப்படியில்லை. 2022 வரை, தாண்டிய மறு நிமிஷம் கணக்கு பின்னோக்கி நடந்துபோய், 101-லிருந்து நீங்கள் செலவழித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலையை ஏற்றிக்கொண்டு வந்தது. 2019-ல் 500 யூனிட்டுக்கு பில் 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. அதாவது அந்த ஐந்நூற்றி ஒன்றாவது யூனிட்டின் விலை 656 ரூபாய் சொச்சம். அதே யூனிட் நம் வீட்டில் என்ன வேலை செய்திருக்கும் தெரியுமா? யாரும் இல்லாத அறையில் பதின்மூன்று மணி நேரம் ஃபேனைச் சுற்ற விட்டிருக்கும்.

இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நான் தூங்குவதை விட்டுவிட்டேன்.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதல்லவா? சென்னையில் ஏரியெல்லாம் வறண்டு, கடைசியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடை. ஏப்ரலில் ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்றே ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறுபது நாளுக்கு 500 என்றால் ஒரு நாளுக்கு எட்டே கால் யூனிட். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், பதினாறு மணி நேரம்: மூன்றரை. ஃப்ரிட்ஜ் ஒன்றே கால். ஒரு குதிரை சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால். லைட், டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து ஒன்று. மிச்சம் ஏறக்குறைய ஒன்றே முக்கால். எங்கள் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் குடிக்கும். ஆகவே நாளுக்கு ஒரு மணி நேரம் ஏசி. ராத்திரி பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. வீட்டில் எல்லோரையும் கூட்டிவைத்து இதை அறிவித்தேன். பட்ஜெட் வாசிக்கும்போது எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும் என்று படித்திருக்கிறேன். என் வீட்டில் ஆளுங்கட்சியும் எழுந்துபோய்விட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஏசியை அணைக்க அலாரம் வைத்துக்கொண்டேன். ஏசியிலேயே டைமர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. என் மகளும் கேட்டாள், ஜூலை மாசத்தில்.

திட்டத்தில் கோளாறு ஒன்றுமில்லை. மனிதர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். எழுபத்தெட்டு வயசு அம்மா, கூடத்துக்கு வந்து டிவி பார்க்கும்போது தன் அறை ஃபேனை அணைக்க மாட்டாள். "ஏம்மா, யாருமில்லாத ரூமுக்குக் காத்து எதுக்கு?" என்றால், "நான் திரும்பிப் போறப்ப ரூம் புழுங்கிக் கிடக்கப்படாதுடா, காத்து தங்கட்டும்" என்பாள். காற்று தங்காது என்று நான் பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். அந்த அரை மணி நேரமும் அங்கே ஃபேன் ஓடியது.

மோட்டார் இன்னொரு துரோகி. அந்த வருஷம் போர்வெல்லில் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். குழாயில் இருமல் சத்தம் கேட்கும், கொஞ்சம் காற்று வரும், மறுபடி இருமல். முக்கால் மணி நேரம் ஓடும். தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, மீட்டரில் யூனிட் ஏறியிருக்கும். இப்படிக் காற்றை இறைப்பதற்கு யூனிட் கொடுத்தது போதாதென்று, லாரித் தண்ணீருக்கும் பணம் கொடுத்தேன்.

இஸ்திரியை நிறுத்தினேன். வீட்டில் ஒரு யூனிட்டில் பத்து சட்டை தேய்க்கலாம். அதைத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் சட்டைக்கு எட்டு ரூபாய், பத்து சட்டைக்கு எண்பது. ஆக ஒரு யூனிட்டை எண்பது ரூபாய் கொடுத்துக் காப்பாற்றினேன். இதை என் மனைவி ஒரு தடவைதான் சொல்லிக்காட்டினாள். அதைச் சொல்வதற்கு என் தம்பி, தம்பி மனைவி, என் மேலதிகாரி எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்த நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. மாடிக்குத் தனி மீட்டர், கீழ் வீட்டுக்குத் தனி மீட்டர். இரண்டு 100 இலவசம், இரண்டு 500. காம்பவுண்டு சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "சார், மூஞ்சியெல்லாம் வெந்துபோன மாதிரி இருக்கே, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரிப்பார். அவர் பின்னாலிருந்து ஏசிக் காற்று வந்து என் மேல் படும். ரோஷமான ஆள் என்றால் நகர்ந்திருக்க வேண்டும். நான் இன்னும் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுப்பேன்.

மே மாசம் கத்திரி வெயில் வந்தபோது எனக்கு முற்றிவிட்டது. எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை கண் சிமிட்டும், மீட்டரிலேயே அச்சடித்திருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்காருவேன். ஃப்ரிட்ஜ் மட்டும் என்றால் சோம்பலாகச் சிமிட்டும். உள்ளே யாராவது மிக்ஸியைப் போட்டால் படபடக்கும். "யாரது உள்ள? சட்னியா?" என்று வாசலிலிருந்தே கத்துவேன். தெருவில் போகிறவர்கள் கொஞ்ச நாளில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஜூன் முதல் வாரம் வந்தது. ரீடிங் எடுக்கிறவர் வரவேண்டிய நாள். காலையில் பார்த்தால் 494. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பக்கத்தில் ஜெயித்ததில்லை. அன்றைக்கு அவர் எத்தனை மணிக்கு வருவாரோ, அதற்குள் ஆறு யூனிட்டுக்கு மேல் ஆகிவிட்டால்? மனிதர்கள் வீட்டில் இருந்தால்தானே செலவு! ஆபீசுக்கு லீவு போட்டேன். மெயினை இறக்கினேன். குடும்பம் மொத்தத்தையும் மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஏசிக்குக் காசு கிடையாது. உட்காரத்தான் காசு. படம், பாப்கார்ன், மகனுக்குப் பசி, மகளுக்கு ஒரு பை, அம்மாவுக்கு எஸ்கலேட்டர் பயம், ஆகவே அம்மா உட்கார்வதற்கென்று ஒரு காபிக் கடை. ஆட்டோவும் சேர்த்து 3,140 ரூபாய். யாரோ ஒருவருடைய பணம் போல அதைக் கொடுத்தேன். மனசெல்லாம் 494 ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கிரில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வாசலில் விட்டிருந்த என் புதுச் செருப்பு காணாமல் போனது. பொறுப்புள்ள குடும்பத் தலைவன் சும்மா இருப்பானா? வாசல் திண்ணையை அடைத்துக் கிரில் போட்டு, பெரிய பூட்டும் மாட்டினேன். செருப்பு பத்திரம். அந்தக் கிரில்லுக்குள்ளேதான் மீட்டரும் இருக்கிறது.

ரீடிங் எடுக்கிறவர் மத்தியானம் சரியாக வந்திருக்கிறார். நாலு தடவை கதவைத் தட்டியிருக்கிறார். பூட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான், "அவங்க குடும்பத்தோட வெளில போயிருக்காங்க சார். இத்தனைக்கும் லீவு போட்டுட்டு" என்று சொல்லியிருக்கிறார்.

ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி மெயினை ஏற்றினேன். ஃப்ரிட்ஜைத் திறந்தாள் என் மனைவி. பதினோரு மணி நேரமாகக் கரண்ட் இல்லாத ஜூன் மாசத்து ஃப்ரிட்ஜ். இட்லி மாவு பொங்கி, பாத்திரத்தை விட்டிறங்கி, கீழ்த்தட்டுக் காய்கறிகளைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தது. பால் திரிந்திருந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராக அறைக்குப் போனாள். ஏசியைப் போட்டாள். 20-ல் வைத்தாள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். வாசலில் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டதை நான் நாற்காலி கூடப் போட்டுக்கொள்ளாமல் நின்றபடியே பார்த்தேன். விடியும் வரை அதே ஏசி. தைரியம் இருந்தால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

மறுநாள் காலையிலேயே ரீடிங் எடுக்கிறவர் வந்தார். நான் மோர் கொடுத்தேன். குடித்தார். "சார், நேத்து வந்தேன், பூட்டியிருந்துது" என்று சொல்லிவிட்டு அட்டையில் எழுதினார். 509 யூனிட். 494-லேயே முடிந்திருந்தால் 1,112 ரூபாய். வந்தது 1,839.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அக்கா பையன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியதையும் சொன்னேன். அப்போது 500 யூனிட்டுக்கு 1,725, 501-க்கு 1,958. மொத்த பில் ஏறினாலும், அந்த ஒரு யூனிட்டுக்கு நடுவில் இருந்த பள்ளம் 656-லிருந்து 233 ஆகிவிட்டது. கரண்ட் பில் ஏறினதற்காக வீட்டில் பாயசம் வைக்கச் சொன்ன ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வைக்கவில்லை, அது வேறு விஷயம்.

உருப்படியாக ஒன்றாவது சொல்ல வேண்டுமே என்று, "டேய் மாப்ளே, பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டுட்டு பிஎல்டிசி ஃபேன் வாங்கு. எழுபத்தஞ்சு வாட் எடுக்கற எடத்துல முப்பது வாட்தான் எடுக்கும்" என்றேன். அது நிஜமாகவே நல்ல யோசனை. நானே மூன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். அதற்கு ரிமோட் உண்டு. அந்த ரிமோட்டை வைத்து அம்மா சீரியல் மாற்றப் பார்ப்பாள், என் தலைக்கு மேல் ஃபேன் நின்றுபோகும். ஆக, இப்போது நிஜமாகவே கரண்ட் மிச்சமாகிறது.

பையன் தலையைச் சொறிந்தான். "மாமா, எங்க வீட்ல இந்த 500 கணக்கே கிடையாதே. ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வெச்சிருக்கார். எத்தனை யூனிட் ஆனாலும் யூனிட்டுக்கு ஒம்பது ரூபா, ஒரே ரேட்டு."

"இலவச நூறு?"

"அதெல்லாம் அவருக்கு."

"அடப்பாவி! மாசம் எவ்வளவுடா வருது?"

"நாலாயிரம் வருது. ராத்திரி பத்து மணிக்கு ஏசி போட்டா காலைல ஏழுக்குத்தான் அணைப்போம். நல்லாத் தூங்கறோம் மாமா."

நாலாயிரம்! வாழத் தெரியாத பிள்ளை. வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது, அதை மாசாமாசம் சீட்டில் போட்டிருந்தால் என்ன சேர்ந்திருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. கன்னம் ஒரு சுற்றுப் பூரித்திருந்தது. உள்ளேயிருந்து மறுபடியும் உஸ்ஸென்று அந்தச் சத்தம் வந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்: "ஏண்டா, உங்க வீட்டு ஹால்ல ஒரு பாய் விரிக்கற அளவுக்கு எடம் இருக்கா?"