கேட்கும் விலையும் கிடைக்கும் துருவும்

பழைய கார்களை விற்க வெளியிடப்படும் விளம்பரங்களில், காரின் உண்மை நிலைமைக்கும் அதற்குக் கேட்கப்படும் விலைக்கும் இடையே ஒழுங்கான தொடர்பு ஏதேனும் இருக்கிறதா என்று ஆராய்ந்து, அத்தொடர்பை ஒரு சூத்திரமாக வகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாய்வின் அவசரத்தை உணர்த்தியது அண்மையில் வெளிவந்த ஒரு விளம்பரம். 1978ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 ஒன்றுக்கு, பின்கதவுகளின் அடியில் பெயின்ட் கொப்புளித்துக் கிளம்பியிருப்பது படத்திலேயே தெரிய, 9 லட்சம் ரூபாய் கேட்டதோடு நில்லாமல், ‘டைம்பாஸ் பார்ட்டிகள் போன் செய்ய வேண்டாம்’ என்று அது முடிந்திருந்தது. வாங்கும் எண்ணம் துளியும் இன்றி, நிறுத்தி வைக்கச் சொந்தமாக ஒரு ஷெட்டும் இன்றி, இரவு பதினொரு மணிக்கு இவ்விளம்பரங்களைப் படிப்போரைக் குறித்தே அவ்வரி எழுதப்பட்டது என்பது வெளிப்படை. ஆயினும் இத்துறையின் அறிவு முழுவதும் அவர்களிடமே தங்கியிருப்பதால் அவ்வரி கண்டனத்துக்குரியது.

முதலில் வரையறை. பிரிட்டனில் ‘வின்டேஜ்’ என்னும் சொல் 1919 முதல் 1930 முடிய உருவான கார்களைக் குறிக்கும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாமல் இருக்கும் தனியார் வண்டியே அப்பெயருக்கு உரியது. அதற்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்கன்றி அன்றாடம் ஓட்டக் கூடாது. மேற்சொன்ன அம்பாசடர் 2028 வரை இத்தகுதியை எட்டாது. விளம்பரதாரர்களோ 1998ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினியையும் வின்டேஜ் என்றே அழைப்பதோடு, ‘டெய்லி யூஸுக்கு ஏற்றது’ என்றும் சேர்த்துக்கொள்வதால், ஒரே வரியில் விதியை இரண்டு முறை மீறுகின்றனர்.

அடுத்தது நிலைமை. பழைய கார்களுக்குக் காப்பீடு வழங்கும் ஹாகர்ட்டி என்ற அமெரிக்க நிறுவனம் நிலைமையை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது: 1 என்பது போட்டியில் பரிசு வாங்கும் வண்டி, 4 என்பது ஓடினாலும் குறைகள் கண்ணுக்குத் தெரியும் வண்டி. இங்கே தரங்கள் இரண்டே. போனில் பேசும்போது ‘ஷோரூம் கண்டிஷன்’. நேரில் போய் நின்றதும் ‘சார், பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்’.

நிலைமையைவிட விலையை ஏற்றுவது பூர்வீகம், அதாவது வண்டி இதுவரை யார் கையில் இருந்தது என்னும் வரலாறு. டாக்டர் இங்குதான் வருகிறார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் டாக்டர் ஒருவரிடம் இருந்திராத கார் மிக அரிது. அந்த டாக்டர் எப்போதும் ஓய்வுபெற்றவர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகாதவர். மகன் அமெரிக்காவில் இருப்பதால் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி, மனமில்லாமல் கொடுப்பவர். ஆர்.சி. புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றில், அவர் பெயர் இருப்பதில்லை; அவருக்குப் பிறகு நான்கு பேர் வாங்கி விற்றிருப்பார்கள், ஆனால் அந்நால்வரும் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. எல்லா விளம்பரங்களையும் உண்மையென்று கொண்டால், முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு ஃபியட் கிடைக்கும் என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு டாக்டரும் இரண்டு அம்பாசடரும் ஒரு ஃபியட்டும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வைத்துக்கொண்டு அவற்றில் எதையும் ஓட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் வண்டிக்கு விலை அதிகம் என்னும் வாதத்தின் பெரிய ஓட்டை வேறு. அக்கால டாக்டர் இரவு பகல் பாராமல் வீடு வீடாகப் போனவர். சோக்கை இழுத்துக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, அது சூடேறுவதற்குள் நோயாளியின் வாசலில் அணைத்து, ஊசி போட்டுவிட்டு வந்து மீண்டும் கிளப்புவது சிலிண்டர் சுவரை விரைவில் தேய்க்கும் பழக்கமாகும். ஆகவே டாக்டர் ஓட்டிய வண்டி என்பது, உண்மையாக இருக்கும்பட்சத்தில், விலையைக் குறைக்க வேண்டிய காரணம். நெடுந்தூரம் சீரான சூட்டில் ஓடிய டாக்சியின் என்ஜின் அதைவிடத் தேவலை எனினும், ‘டாக்சி ஓட்டிய வண்டி, விலை அதிகம்’ என்று எவரும் விளம்பரம் செய்ததில்லை. கல்யாண ஊர்வலத்துக்குப் போன வண்டி, சினிமாவுக்கு வாடகைக்கு விட்ட வண்டி, தேர்தலுக்கு ஊர் சுற்றிய வண்டி ஆகியவையெல்லாம் எங்கே மறைந்தன என்பதும் ஆய்வுக்குரியது. கூரையின் மழைநீர் விளிம்பில் கூம்பு ஒலிபெருக்கியைக் கவ்வ வைத்த தழும்பு நான்கு இடங்களில் தெளிவாகத் தெரியும் அம்பாசடரையும் டாக்டர் வண்டி என்றே விற்கிறார்கள். டாக்டர் தெருத்தெருவாக எதை அறிவித்துக்கொண்டு போனார் என்பதை எவரும் விளக்குவதில்லை. அண்மைக் காலமாக ‘லேடி டாக்டர்’ என்ற புதிய பிரிவும் தோன்றி, விலை மேலும் ஏறியிருக்கிறது. கால்நடை டாக்டர் மட்டும் இன்னும் கார் வாங்கவில்லை.

நேரில் பார்ப்போர் கடைப்பிடிக்கும் சோதனைகள் பல இருந்தும், அவை விலையை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. பட்டி என்பது தகட்டின் பள்ளங்களையும் துருப்பிடித்த ஓட்டைகளையும் மறைக்கப் பூசும் பசை. துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டின் மேல் வைத்தால் நல்ல தகட்டில் ஒட்டும், பட்டி கனத்த இடத்தில் நழுவி விழும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கறுப்புப் புகை பெட்ரோல் மிகுவதையும், என்ஜின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை சிலிண்டருக்குள் தண்ணீர் புகுவதையும் காட்டும். சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டில், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் முன்னோக்கித் திறக்கும் என்பதால், படங்களில் அது எப்போதும் வாய் பிளந்தே நிற்கிறது. மூடினால் கதவோரம் விரல் நுழையும் இடைவெளி தெரிந்துவிடும். ஓடிய தூரம் ‘42,000 கிலோமீட்டர் மட்டுமே’ என்பதைப் பொறுத்தவரை, ஐந்திலக்க மீட்டர் 99,999ஐக் கடந்ததும் மறுபடி சுழியத்தில் தொடங்கும் என்பதை நினைவூட்டினால் போதும்.

இனி வாக்களித்த சூத்திரத்துக்கு வரலாம். விற்பவர், தாம் வாங்கிய விலையோடு, டிங்கரிங் எனப்படும் தகட்டு வேலைக்கும் பெயின்ட்டுக்கும் சீட் தைத்ததற்கும் ஆன செலவு முழுவதையும் கூட்டுகிறார். அவ்வேலை அழகைக் கூட்டியதா கெடுத்ததா என்பது கணக்கில் சேராது. மங்களூர் ஓடு நிறத்தில் ரெக்சின் தைத்து, ஸ்டீரியோவுக்காக டாஷ்போர்டை வெட்டியதற்கும் வாங்குபவரே பணம் தர வேண்டியிருக்கிறது. அத்துடன் 2014இல் உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது என்ற துக்கத்துக்கு ஒரு தொகை. 2017இல் ‘அம்பாசடர்’ என்னும் பெயரைப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது வாங்கியது பெயரை மட்டுமே, காரையன்று என்ற செய்தி விளம்பரதாரர் பலரை எட்டவில்லை போலும், தத்தம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்றே அவர்கள் கணக்கிடுகின்றனர். இதற்கு மேல் வரும் ‘நெகோஷியபிள்’ என்பதை எண்ணாக மாற்ற இதுவரை வழி பிறக்கவில்லையாதலால், சூத்திரம் தற்போதைக்கு நிற்கிறது.

விற்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முன்பக்க கிரில்லையும் ஸ்டீரியோவையும் பூஜை போட்ட எலுமிச்சம்பழத்தையும் பதினைந்து கோணங்களில் படமெடுப்பதை நிறுத்திவிட்டு, ஓட்டுபவரின் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை ஒருமுறை தூக்கி, அதன் கீழே தகடு இருக்கிறதா, ரோடு தெரிகிறதா என்பதைக் காட்டும் படம் ஒன்றை மட்டும் போடவும். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.