பில் ஒன்று, தோசை வேறு

கேள்வி: ஒரு நிரலுக்குள் என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்ற பட்டியல் போதாதா? அதற்கு மேல் என்ன கணிதம்?

பதில்: போதும் என்றுதான் பிரான்ஸின் ஜில் கான் 1974-இல் காட்டினார். தரவு ஓடும் வலையில் ஒவ்வொரு கணுவும் ஒரு சார்பு. எது முந்தினாலும் விடை மாறாது. ஆனால், வந்த வரிசையில் இரு ஓடைகளைக் கலக்கும் கணு ஒன்றை நுழைத்தால்? 1981-இல் பிராக், அக்கர்மன் என்ற இருவர் குட்டையைக் கலக்கினார்கள். இரண்டு கருவிகள். இரு ஓடைகளில் வருகிற ஒவ்வொரு எண்ணையும் இரு பிரதியாக்கிக் கலந்து, முதல் இரண்டை மட்டும் வெளியே விடும். பட்டியல் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. ஆனால் முதலாவது, கிடைத்ததும் தள்ளிவிடும். மற்றது இரண்டும் சேரும்வரை கையிலேயே வைத்திருக்கும். இனி வெளியீட்டோடு 1 கூட்டி, இரண்டாம் ஓடையாக உள்ளேயே திருப்பிவிடுங்கள். முதல் ஓடையில் 5 கொடுத்தால் அழுத்தக்காரன் ‘5, 5’ தவிர எதுவும் சொல்லமாட்டான். அவசரக்காரன் ‘5, 6’ என்றும் சொல்லக்கூடும்! அதனால்தான் எதற்குப் பின் எது வந்தது என்பதையும் குறித்து வைக்கச் சொன்னார்கள்.

ஒரு சர்வர் தோசையை வார்க்க வார்க்கக் கொண்டுவருகிறார். இன்னொருவர் இரண்டையும் சேர்த்து வைக்கிறார். பில் ஒன்றுதான். முதல் தோசையை ருசி பார்த்துவிட்டு, “அடுத்தது நெய் ரோஸ்ட்” என்று யாரிடம் சொல்வீர்கள்?