அடைப்பத்தில் இருந்த கல்

எழுபதுகளில் சேக்காட்டில் சவரம் என்றால் புளியமரத்தடிதான். ஆவடி டேங்க் ஃபேக்டரிக்குக் காலை ஷிப்ட் போகிறவர்கள் விடியுமுன்பே வந்து குந்தியிருப்பார்கள். அங்கே சவரம் செய்த பெரியவரின் அடைப்பத்தில் கத்தி, கத்தரிக்கோல், கிண்ணி, படிகாரக்கட்டி எல்லாம் இருக்கும். அடியில், பழந்துணியில் சுற்றிய ஒரு கல். சாம்பல் நிறம், அவருடைய அப்பா காலத்தது. பிள்ளைகள் நாங்கள் வேறு எதைத் தொட்டாலும் பேசாமல் இருப்பார். கல்லைத் தொட்டால் அதட்டுவார்.

கத்தியைத் தீட்டுமுன் கல்லைச் சரிசெய்வார். தீட்டத் தீட்டக் கல்லின் நடுப்பகுதி குழிந்துபோகும். குழிந்த கல்லில் கத்திவாய் நேராக வராது. கருங்கல் பலகையில் சலித்த மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். கழுவியதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் தூக்கிப் பார்ப்பார். "கல்லு குழிஞ்சா கத்தி கெட்டுடும் தம்பி, மொதல்ல இத்த சரி பண்ணணும்." விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுவார். இல்லாவிட்டால் அவை கத்திவாயைக் கீறிவிடும்.

வாய் உடைந்திருந்தால் மட்டும் கடையில் வாங்கிய கார்பரண்டம் கல். மற்றபடி அப்பாவின் கல்தான். முதுகும் வாயும் ஒருசேரப் படியும்படி கத்தியைப் படுக்கவைப்பார். முதுகின் தடிமனே கோணத்தைக் கொடுத்துவிடும், ஏறக்குறைய 16, 17 பாகை. வாய் முன்னே போக ஓர் இழுப்பு; முதுகின் மேல் புரட்டி மறுபக்கம் ஓர் இழுப்பு. வாயின் மேல் புரட்டினால் அதுவரை பட்ட பாடெல்லாம் பாழ். அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதும். கடைசியில் தோல்வார், அதில் முதுகுதான் முன்னே போக வேண்டும். முன்கை மயிரில் வைத்துப் பார்த்த பிறகே ஆளைக் கூப்பிடுவார்.

இத்தனை கைப்பக்குவம் உள்ள மனிதரை ஊர் ஒருமையில்தான் அழைத்தது. திண்ணையில் உட்காரவிட்டதில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பிறகு வந்த விழிப்புணர்வில், ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாயிற்று. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. அது வர வேண்டிய மாற்றம்தான். ஒரே கத்தி ஊர் முகங்களிலெல்லாம் ஓடியது ஆபத்து. ஆனால் கல்லோடு சேர்ந்து போன அறிவை யாரும் எழுதிவைக்கவில்லை, கேட்டுவைக்கவுமில்லை.

இன்று அதே அறிவைத் தேடிப் பிடிக்கிறார்கள், ஆசைக்காகத் தீட்டுகிறவர்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. அவைதான் எஃகை அறுக்கின்றன. ஜப்பானியக் கற்களில் துகள் எண் 1,000-இல் தொடங்கி 12,000 வரை போகிறார்கள். எண் கூடக் கூடத் துகள் நுணுகும். கல் மட்டமா என்று பார்க்க, மேலே பென்சில் கோடு போட்டுத் தேய்க்கிறார்கள். கோடு அழியாத இடம் பள்ளம். பெரியவர் கண்ணால் பார்த்ததை இவர்கள் கோட்டால் பார்க்கிறார்கள். கல்லுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும்.

பெரியவரின் மகன் சி.டி.எச். சாலையோரம் சலூன் வைத்திருக்கிறார். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. சமீபத்தில் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஓர் இளைஞர் புதுக்கல்லும் பழைய கத்தியுமாக வந்து, "ஐயா, கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்றார். இளைஞர் தீட்டுவதைப் பார்த்த மகன், ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தத்தைத் தளர்த்தினார். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அன்று இருவரும் உட்காருகிறார்கள். சொல்லிக்கொடுப்பதற்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மகனிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அந்த இளைஞரும் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்.