அலுவலகக் கொடுமை இலக்கணம்

பாயிரம்

நூலின் பயனை முதலில் சொல்வது மரபு. காலையில் அலுவலகப் படியேறும்போது வயிற்றைக் கலக்குவது நேற்றுத் தின்ற பரோட்டாவா, இன்று பார்க்கப்போகும் மேலாளரா என்று பிரித்தறிதலே இந்நூலின் பயன். கேட்போர், மாதச் சம்பளக்காரர் அனைவரும். குற்றம் காண்போர் தத்தம் மேலாளர் வழியாக விண்ணப்பிக்க.

இலக்கணம்

கோபம் வேறு, கொடுமை வேறு. டார்கெட் விழுந்த அன்று கத்திவிட்டு, மறுநாள் தாமே டீ வாங்கித் தருபவர் கோபக்காரர். அவருக்கு இந்நூலில் இடமில்லை. ஒரே ஆள்மேல் திரும்பத் திரும்ப வருதல், பட்டவர் திருப்பிச் சொல்ல முடியாதிருத்தல், வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் கூடினால் கொடுமை.

சுவீடனில் ஆய்வு செய்த ஹைன்ஸ் லேமன் இத்தகைய செயல்களை 45 என எண்ணி, வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது நிகழ வேண்டும் என்று எல்லை வகுத்தார். ஜப்பானிய அரசு ஆறாகச் சுருக்கியது: அடித்தல், வைதல், ஒதுக்கல், தாங்காத வேலை தரல், வேலையே தராமை, சொந்த வாழ்வில் தலையிடல். நாம் தமிழ் மரபுப்படி ஐந்து என்போம்.

1. எழுத்து. மெமோவும் மின்னஞ்சலும் முதலெழுத்து, சிசி சார்பெழுத்து. வலி பெரும்பாலும் சார்பெழுத்தில்தான். இருவருக்குள் முடிய வேண்டிய சிறு பிழையைப் பிரிவு முழுதுக்கும் நகல் போட்டுக் கேட்பது இவ்வகை. விகாரம் மூன்றும் இங்கே உண்டு. அறிக்கையில் மேலாளர் பெயர் தோன்றும். நாம் சொன்ன கருத்து திரியும். வேலை செய்தவர் பெயர் கெடும்.

2. சொல். ஊர், நிறம், உடல், ஆங்கில உச்சரிப்பு பார்த்துச் சூட்டும் பட்டங்கள் பெயர்ச்சொல். சாதியை நேரே கேட்காமல், “ஊர்ல எந்தத் தெரு?” என்று வளைத்துக் கேட்பதும் இதன்பாற்படும். வினைச்சொல்லில் ஏவல் மட்டுமே பயிலும். “இதுகூடத் தெரியாதா?” என்பதில் நஞ்சு முழுதும் ‘கூட’ என்னும் இடைச்சொல்லில் இருத்தல் காண்க.

3. பொருள். அகம், புறம் என இரண்டு. அகம், கதவு மூடிய கேபினில் நிகழ்வது, சாட்சி இல்லை. புறம், கூட்டத்தில் நிகழ்வது. சாட்சி இருபது பேர், ஆனால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் கருப்பொருள் லீவு, ஷிப்ட், இன்கிரிமென்ட்.

4. யாப்பு. இதில் தளையே முதன்மை. ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுதல், தனியார் கல்லூரி ஆசிரியர் பலர் அறிந்த தளை. ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பது கணினிக்காரர் தளை. துணிக்கடை விற்பனையாளரைப் பகல் முழுதும் நிற்கவைப்பதும் தளையே. அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தவே 2021 ஆயிற்று.

5. அணி. “அவர் கரெக்டா ஆறு மணிக்குக் கிளம்பிடுவார், குடும்பஸ்தர் பாருங்க” என்பது வஞ்சப்புகழ்ச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போட்ட லீவில் தம் குறிப்பை ஏற்றி, வேறு கம்பெனி இன்டர்வியூவாகக் காண்பது தற்குறிப்பேற்றம்.

மூவிடம்

பட்டவர் காட்டும் எதிர்வினை மூவிடத்தும் வரும்.

தன்மை: “நம்மகிட்டதான் ஏதோ குறை” என்று தம்மையே நொந்துகொள்ளல். அனுப்பிய கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தலும், ஞாயிறு மாலையே திங்கள் பிறத்தலும் இதன் அறிகுறி. பலர் ஆண்டுக்கணக்கில் இவ்விடத்திலேயே நிற்பர்.

முன்னிலை: “இதைத் தனியாச் சொல்லியிருக்கலாம் சார்” என்று நேரே உரைத்தல். தாம் செய்வது அறியாதவரிடம் பலிக்கும். அறிந்தே செய்பவரிடம் பலிக்காது.

படர்க்கை: டீக்கடையில் நிகழ்வது. “அது வந்துருச்சா?” என உயர்திணை மேலாளர் அங்கே அஃறிணை ஆவார். செறலால் வந்ததாகலின் வழுவமைதி. நெஞ்சு சற்று ஆறும், நிலை மாறாது. அதே படர்க்கையைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்தால் புகார் ஆகும். ஹெச்.ஆரிடம் கொடுப்போர் ஒன்று அறிக: அவருக்குச் சம்பளம் தருவதும் அதே கம்பெனிதான். ஆகவே நகல் வைத்துக்கொள்க. சங்கம் இருந்தால் அங்கும் ஒன்று கொடுக்க.

புறனடை

மேற்கூறிய எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டோ எனின், இல்லை. பெண்கள்மீதான பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆனால் அவமதிப்பு பிறர் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும். கேபினுக்குள் நடந்த அகப்பொருள் அங்கே செல்லாது. பணியிடக் கொடுமை அனைத்துக்கும் சேர்த்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் 190ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. மற்ற கொடுமைகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது.

சட்டம் இல்லாத இடத்தில் சான்றே துணை. நாள், நேரம், இடம், சொன்ன சொல் சொன்னபடியே, உடனிருந்தவர் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி வருக. பக்கத்து மேசைக்காரர் எழுதினால், “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று கையெழுத்துப் போடுக. அந்த நோட்டு வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் எழுத வேண்டாம். வேலையை விட்டு அனுப்பும் நாளில் முதலில் பறிபோவது அதுதான்.