சட்டை விலையும் தையல் கூலியும்

கேள்வி: தொழிலாளிக்குக் கூலி உயர, நாம் சட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அந்தக் கூடுதல் பணம் தைத்தவர் கைக்குப் போகுமா என்பதுதான் சந்தேகம். சட்டை விலையில் தையல் கூலி, காலர் பொத்தான் அளவுதான். நடுவில் பிராண்டு, விளம்பரம், கடை வாடகை என்று பெரிய பந்தியே உட்கார்ந்திருக்கிறது.

கூலி எப்படி உயர்கிறது என்பதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். டாக்கா நகர் அருகே 2013-இல் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டக்கா (அந்நாட்டு நாணயம்). அந்த ஆண்டே 5,300 ஆனது, 2023-இல் 12,500. தெருவில் இறங்கியவர்கள் கேட்டதோ 23,000!

இந்த உயர்வு எதையும் வாடிக்கையாளர் மனமிரங்கிக் கொடுக்கவில்லை (அவர் தள்ளுபடி வரிசையில் நின்றிருந்தார்). மறியலும் ஊதிய வாரியமும்தான் வாங்கித் தந்தன.